விசாரணை அக்காவுக்கு ஒரு நான்காவது சுவர்

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர் உட்கார்ந்த நாற்காலி, எழுதிய பேனா எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வரலாம். விசாரணை அக்காவின் விஷயத்தில் அந்த அலைச்சல்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவளே உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருடமாக, காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை.

பெட்டி இருந்தது பேருந்து நிலையத்தின் நட்டநடுவில். நாலு பக்கமும் கண்ணாடி, நாலு பக்கமும் ஆள். முன்னால் வாய் உயரத்துக்கு ஒரு வட்ட ஓட்டை. தலைக்கு மேலே 'விசாரணை' என்று ஒரு பலகை. அந்தப் பலகைதான் நாளடைவில் அவளுக்குப் பெயராக இறங்கியது. பயணிகள் ஓட்டை வழியாக மட்டும் கேட்டால் பரவாயில்லை. பின்பக்கம் தட்டுவார்கள், பக்கவாட்டில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், "இன்னிக்கு என்ன கொண்டாந்தீங்க?" என்று விசாரித்த பிறகுதான் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பார்கள். விசாரணை என்பது இருவழிப் பாதை என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். ஆள் ஐந்து. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைத் தெளிய வைத்தவர். ஆனால் சொந்த வீட்டு அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கும் பொருள் எதுவும் அவர் கண்ணுக்குத் தென்பட்டதில்லை. மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது, காது போகவில்லை. கொழுந்தனார் பதினோரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளேயே தேடியதால் கிடைக்கவில்லை. மகளுக்குப் பதினாலு வயது. அந்த வயதுக்குரிய முறையில் அவள் எல்லோரோடும் கோபமாக இருந்தாள். அம்மாவிடம் மட்டும் கோபத்தோடு சேர்த்து சீப்பையும் கேட்பாள்.

கணவர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "எங்க இருக்க?" என்பதுதான் அவர் வைத்த பெயர். இரண்டு அறை வீட்டில் ஒருத்தி எங்கே இருந்துவிட முடியும் என்று அவர் யோசித்ததில்லை. அதற்கு அக்காவின் பதில், "இதோ வர்றேன்." மாமியார் கூப்பிட்டால், "இதோ வர்றேன் அத்தை." குக்கர் விசில் அடித்தாலும் அதேதான். குக்கருக்கு மட்டும் அத்தை கிடையாது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு புகார் வந்தது. விசாரணைப் பெட்டியில் டேப் ஓடுகிறது, உள்ளே இருப்பது ஆளா பொம்மையா என்று தெரியவில்லை, கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன், அப்போதும் "மூன்றாவது மேடை, நாலு இருபது" என்றே சொல்கிறது என்று ஒரு பயணி எழுதிப் போட்டிருந்தார். மேலதிகாரிகள் கூடிப் பேசினார்கள். டேப் போட்டால் செலவு குறையுமே என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்வி. முடிவில், கவுன்ட்டர் ஊழியர்கள் பன்னிரண்டு பேர் மாலை நேரத்தில் ஒரு நாடக வகுப்புக்குப் போய், மனிதர்களைப் போலப் பேசப் பழகிக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். உத்தரவில் முத்திரை இருந்தது. மாமியாருக்கு முத்திரை என்றால் தனி மரியாதை. அதை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்துவிட்டு, "சரி, போயிட்டு வா. ராத்திரி சமையலை மத்தியானமே முடிச்சு வெச்சிடு" என்றார்.

"மத்தியானம் நான் ஆபீஸ்ல இருப்பேனே அத்தை."

"அப்ப காலையிலயே."

வகுப்பு நூலகத்தின் மாடியில் நடந்தது. வாத்தியார் பகலில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். மாலையில் மனிதர்களைத் திருத்தினார். ஒல்லியான உடம்பு, பெரிய கொள்கை. உலகத்தில் அவருக்கு ஒரே எதிரி நடிப்பு. நடிப்புச் சொல்லிக்கொடுப்பவருக்கு நடிப்பு எதிரியாக இருப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றரை மணி நேரம் விளக்கியிருப்பார்.

"நடிக்காதீங்க. இருங்க. அவ்வளவுதான்" என்று முதல் நாள் ஆரம்பித்தார். "ஒரு நாற்காலி போடறேன். ஒவ்வொருத்தரா வந்து அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. எதையும் காட்ட வேண்டாம். வெறுமனே உக்காருங்க."

முதலில் போனவர் ஓய்வுபெற்ற போக்குவரத்துப் போலீஸ்காரர். வீட்டில் இருக்க முடியாமல் காசு கட்டிச் சேர்ந்தவர். அரை நிமிடத்தில் அவருடைய வலது கை தானாக உயர்ந்து வண்டிகளை நிறுத்தியது. அடுத்து, தனியாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிற பெண். எல்லோரும் அவளைப் பார்லர் என்றே கூப்பிட்டார்கள். அவள் உட்கார்ந்து மூன்றாவது நிமிடத்தில் கண்ணில் நீர் வரவழைத்தாள். வாத்தியார் நெகிழ்ந்துபோய், நெகிழ்ந்ததற்காகத் தன்னையே கண்டித்துக்கொண்டார்.

பிறகு விசாரணை அக்கா போனாள். உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இருபது பேர் எதிரே இருந்தும் ஒருவருக்கும் எந்த பஸ்ஸும் வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது என்று வாத்தியார் சொன்னபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, நேரம் ஆச்சு."

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே சார்" என்றாள்.

கூட வந்த கவுன்ட்டர் ஊழியர்கள் பதினோரு பேரும் இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிட்டார்கள். மனிதர்களைப் போலப் பேசிக் கிடைக்கிற சம்பளம், பேசாமலே கிடைத்துக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. கலை ஆர்வம் என்று வாத்தியார் நினைத்தார். நாற்காலி ஆர்வம் என்பதை வரலாறு பதிவுசெய்கிறது.

பயிற்சிகள் தொடர்ந்தன. ஒரு நாள் வெறும் கோப்பையில் டீ குடிக்கும் பயிற்சி. கோப்பையின் சூடு விரலில் தெரிய வேண்டும், ஆவி மூக்கில் ஏற வேண்டும். போலீஸ்காரர் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இரண்டு நாள் நாக்கு எரிகிறது என்றார், நிஜமாகவே எரிந்ததாம். அக்கா இல்லாத பாத்திரத்திலிருந்து இல்லாத டீயை ஐந்து கோப்பையில் ஊற்றினாள். நான்கை அங்கங்கே கொண்டுபோய் வைத்தாள். ஒன்றைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு வந்து சர்க்கரை போட்டாள். கடைசியில் தன்னுடையதை எடுத்து ஒரே வாயில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவினாள்.

"சூடே தெரியலையேம்மா உங்க முகத்துல" என்றார் வாத்தியார்.

"ஆறிப்போச்சு சார். எனக்கு எப்பவும் ஆறினதுதான்."

வாத்தியார் குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

ஏழாவது வாரம் நான்காவது சுவர் வந்தது. மேடைக்கு மூன்று பக்கம் சுவர் இருக்கிறது, பார்வையாளர் பக்கம் திறந்து கிடக்கிறது. அங்கேயும் ஒரு சுவர் இருப்பதாக நடிகர் உளமார நம்ப வேண்டும், அந்தப் பக்கம் யாரும் இல்லை, யாரும் பார்க்கவில்லை என்று வாத்தியார் விளக்கினார். அந்தச் சுவரில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார். பார்லர் ஒரு கண்ணாடி மாட்டினாள். போலீஸ்காரர் நாற்சந்தி தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்தார். அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தச் சுவர்ல கதவு இருக்கா?"

"நீங்க வெச்சா இருக்கு."

"வெக்கலன்னா?"

"இல்லை."

"அந்தப் பக்கத்துல இருந்து யாராவது தட்டினா கேக்குமா?"

"சுவர் அப்படிப்பட்டதுன்னு நீங்க நம்பினா கேக்காது."

பத்தொன்பது வருடம் கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு முதல்முறையாக யாரோ செங்கல் சுவர் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்கே வாத்தியார் அறிவித்தார். பன்னிரண்டாவது வார முடிவில் இதே மாடியில் ஒரு நிகழ்ச்சி. நான்கு சிறு நாடகங்கள். கடைசியாக அவரே எழுதியது: ஓர் அறையில் ஒரு பெண் இருபது நிமிடம் தனியாக இருக்கிறாள். வசனம் கிடையாது. முடிவில் வெளியிலிருந்து ஒரு குரல் கூப்பிடுகிறது, அவள் கதவைத் திறந்துகொண்டு போகிறாள். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் நாடகம்.

"இருபது நிமிஷமும் வேற யாரும் வரமாட்டாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"யாரும் வரமாட்டாங்க."

"எதுவும் கேக்க மாட்டாங்க?"

"தனிமைம்மா. முழுத் தனிமை."

மனித குலத்தில் சிலர் புகழுக்காக மேடையேறுகிறார்கள், சிலர் பணத்துக்காக. இருபது நிமிடம் தனியாக உட்காருவதற்காக எண்பது பேர் முன்னால் ஏற ஆசைப்பட்ட முதல் ஆள் விசாரணை அக்காவாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பாத்திரம் தனக்கே கிடைக்க வேண்டும் என்று நினைத்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவளுக்கு இப்படித் தோன்றியதே இல்லை.

ஆனால் பாத்திரத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பதற்கு வாத்தியார் சாமானியமானவர் அல்ல. அந்தரங்கத் தருணம் என்று ஒரு பயிற்சி இருந்தது. ஆள் இல்லாதபோது மட்டும் நீ செய்கிற, யாராவது வந்தால் சட்டென்று நிறுத்திவிடுகிற ஒரு காரியத்தை எல்லோர் முன்னாலும் செய்துகாட்ட வேண்டும். எவர் செய்வது உண்மையோ அவருக்கே பாத்திரம். இரண்டு வாரம் அவகாசம்.

அக்காவுக்கு இங்கேதான் இடித்தது. ஆள் இல்லாதபோது தான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஆள் இல்லாத பொழுது ஒன்று அவளுக்கு இருந்ததில்லை.

தேடிப் பார்த்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னை எதிர்பார்த்தபடி நின்றாள். இரண்டாவது நிமிடம் கொழுந்தனார், "அண்ணி, உள்ள இருக்கீங்களா?" என்றார். இல்லை என்று சொல்ல வழியில்லாத கேள்வி அது. மொட்டைமாடிக்குப் போனாள். துணி காயவைக்க வந்த எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, எதாவது பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டு, பிரச்சனை இல்லை என்பதை நம்பாமல் முக்கால் மணி நேரம் ஆறுதல் சொன்னாள். ஒரு நாள் வேலை முடிந்ததும் ஊருக்கு வெளியே போகிற பஸ்ஸில் ஏறி, ஆள் இல்லாத கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். நடத்துநர் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "விசாரணை அக்கா, நல்லவேளை வந்தீங்க. நம்ம டைம் மாறப்போகுதுன்னு சொல்றாங்களே, நிஜமா?"

விஷயம் கேள்விப்பட்ட பார்லர்தான் வழி சொன்னாள். அவளும் அந்தப் பாத்திரத்துக்குப் போட்டிதான். இருந்தாலும் மனசு பெரிது. விவாகரத்துக்குப் பிறகு ஆறு வருடமாக ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தனியாக இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எனக்கு ஒரு கல்யாண மேக்கப் இருக்கு. என் வீட்டுச் சாவியைத் தர்றேன். ஒரு மணி நேரம் இருந்துக்கோங்க."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்."

"சிரமமா? எங்கிட்ட தனிமை எக்கச்சக்கமா கெடக்குதுக்கா. வேணும்னா எடுத்துட்டே போங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு அக்கா போனாள். பூட்டைத் திறந்து உள்ளே போய், கதவைச் சாத்தி, கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். சோபாவின் ஓரத்தில், பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். இனி ஒரு மணி நேரம் தான் என்ன செய்யப்போகிறோம் என்று பார்ப்பதற்கு ஆவலாக இருந்தது. பாடுவோமோ? ஆடினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஏழெட்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மூலையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. வீடே சட்டென்று அமைதியானது.

"இதோ வர்றேன்" என்றாள் அக்கா. எழுந்தும் விட்டாள்.

பாதி எழுந்த நிலையில்தான் யாரும் கூப்பிடவில்லை என்பது தெரிந்தது. சுற்றிலும் பார்த்தாள். உட்கார்ந்தாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "இதோ வர்றேன்." பிறகு எந்தச் சத்தமும் இல்லாமலே ஒரு முறை. எழுந்ததுதான் எழுந்தோம் என்று சமையலறைக்குப் போய்ப் பார்லர் ஊறப்போட்டிருந்த பாத்திரங்களைத் துலக்கி வைத்தாள்.

ஐந்து மணிக்குப் பார்லர் வந்தாள். "என்னக்கா, என்ன பண்ணீங்க ஒரு மணி நேரமும்?"

"வந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் அக்கா.

பரீட்சை நாள் வந்தது. பார்லர் முதலில் செய்தாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, டிவியில் செய்தி வாசிக்கிற ஆளோடு அன்றைய வரவு செலவெல்லாம் பேசினாள். அவருக்கும் ஒரு வாய் எடுத்து நீட்டினாள். பிறகு அழுதாள். வகுப்பில் பலர் மூக்கைச் சிந்தினார்கள். வாத்தியார் மட்டும் தலையை ஆட்டினார். "எல்லாம் உண்மைதாம்மா. ஆனா அழறப்ப ஒரு தடவை எங்களைப் பார்த்த. சுவர் இடிஞ்சுபோச்சு."

அக்காவுக்குச் செய்துகாட்ட ஒன்றும் இல்லை. இருந்ததைத்தான் செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் எங்கோ ஒரு கதவு அடித்துக்கொண்டது. "இதோ வர்றேன்" என்று எழுந்து, யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்து, கையைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் உட்கார்ந்தாள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இதுதான்" என்றார். "முப்பது வருஷமா இதைத்தான் தேடறேன். ஒரு துளி நடிப்பு இல்லை." போலீஸ்காரர் தன்னையறியாமல் சல்யூட் அடித்தார். பாத்திரம் அக்காவுக்கு.

ஒரு கலைஞருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வெற்றி இது. தொல்லையும் இதிலிருந்தேதான் ஆரம்பித்தது. முதல் ஒத்திகையிலேயே வாத்தியார் கையில் திருத்திய பிரதி இருந்தது. "அம்மா, உங்களோட அந்த 'இதோ வர்றேன்' இருக்கே, அதை விட்டுட முடியாது. அதுதான் நாடகத்தோட உயிர். ஒரே ஒரு இடத்துல வெச்சிருக்கேன்."

அடுத்த ஒத்திகையில் ஒன்று மூன்றானது. சும்மா சொன்னால் இயல்பாக இல்லை, வெளியிலிருந்து உண்மையிலேயே யாராவது கூப்பிட வேண்டும் என்று போலீஸ்காரரைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். குடும்பத் தலைவர் எப்படிக் கூப்பிடுவார் என்று அக்காவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, "எங்க இருக்க?" என்று எழுதிக்கொடுத்தார். போலீஸ்காரர் அதை நாற்சந்திக்குக் கேட்கிற குரலில் சொன்னார். மூன்று ஏழானது. சுவரில் நிஜமாக ஓடுகிற கடிகாரம் மாட்டினார். கடைசியில், விளக்கு போடுகிற ஆளுக்குக் கண்டிப்பான உத்தரவு: ஏழாவது கூப்பாட்டுக்கு அவள் எழுந்து கதவைத் தாண்டி வெளியே போனால்தான் விளக்கை அணைக்க வேண்டும். அதுவரை என்ன ஆனாலும் கை வைக்கக் கூடாது. வாழ்க்கையில் யாரும் மணி பார்த்து விளக்கை அணைப்பதில்லை என்பது அவர் கட்சி.

"சார்," என்றாள் அக்கா, "முதல்ல யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு சொன்னீங்களே."

"அது நடிப்பும்மா. இதுதான் உண்மை."

"உண்மை எனக்கு வீட்டுலயே இருக்கு சார். அந்தப் பழைய மாதிரியே விட்டுடலாமே, இருபது நிமிஷம்."

"நீங்க எவ்வளவு பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியலை" என்று வாத்தியார் அவள் தோளைத் தட்டிவிட்டு எட்டாவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

நிலைமை இதுதான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து வகுப்புக்கு, வகுப்பிலிருந்து தன் வீட்டைப் போலவே கட்டிய இன்னொரு அறைக்கு அக்கா வந்துசேர்ந்திருந்தாள். இந்த இரண்டாவது வீட்டுக்கு அவளே சாட்சி சொல்லி, அளவு கொடுத்துக் கட்டவைத்திருந்தாள்.

நிகழ்ச்சி நாள் மாலை ஆறரைக்கு மாடி நிறைந்துவிட்டது. எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவேன் என்று நூலகக் காவலாளி முன்கூட்டியே நாலு தடவை சொல்லியிருந்தார். முன்வரிசையில் அக்காவின் குடும்பம்: மாமியார், கொழுந்தனார், கணவர், இரண்டு நாற்காலி தள்ளி யாரோ போல மகள். முதல் மூன்று நாடகங்களும் நேரத்தைத் தின்றுவிட்டன. அக்காவின் நாடகம் தொடங்கும்போது சுவர்க் கடிகாரத்தில் ஏழு முப்பத்தைந்து.

உட்கார்ந்தாள். ஏழு முப்பத்தெட்டுக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து, "எங்க இருக்க?"

"இதோ வர்றேன்." எழுந்தாள், நின்றாள், உட்கார்ந்தாள்.

முன்வரிசையில் கணவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "என் குரல் மாதிரியே இருக்கு" என்று பெருமையாகச் சொன்னார்.

ஏழு நாற்பத்திரண்டு. "இதோ வர்றேன்." ஏழு நாற்பத்தாறு. "இதோ வர்றேன்." சபையில் ஆங்காங்கே உச் கொட்டினார்கள், பெண்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாக.

மூன்றாம் தடவை உட்காரும்போது அக்கா எதிரே பார்த்தாள். ஒத்திகையின்போது அறை விளக்குகள் எரியும், முகங்கள் தெரியும். இன்று மேடை விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. அதற்கு அப்பால் கெட்டியான இருட்டு. மூக்கை ஒட்டிக்கொண்டு ஒருவரும் நிற்கவில்லை. இத்தனை வாரமாக நம்பு நம்பு என்று வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்த சுவர் நிஜமாகவே அங்கே இருந்தது.

நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நாற்பத்தாறு.

ஏழு நாற்பத்தெட்டுக்கு, "எங்க இருக்க?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாமே என்றிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. கூரை அப்படியேதான் இருந்தது.

போலீஸ்காரர் சற்றுப் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. பிரதியில் பதில் இருந்தது, மேடையில் இல்லை; இந்த நிலைமைக்குச் சட்டத்தில் என்ன வழி என்று அவருக்குத் தெரியவில்லை. குரலை உயர்த்தினார். ஐந்தாவதும் ஆறாவதும் போயின. பக்கவாட்டுத் திரை மறைவிலிருந்து வாத்தியார் இரண்டு கையாலும் எழுந்திரு எழுந்திரு என்று காட்டினார். அக்காவின் கண் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கேயும் சுவர் இருக்கிறது என்று அவர்தானே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அண்ணி வசனத்தை மறந்துட்டாங்க" என்று கொழுந்தனார் கிசுகிசுத்தார்.

"மூணு வார்த்தை, அதுல மறக்க என்ன இருக்கு?" என்றார் கணவர்.

"ரெண்டு" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமல்.

ஏழாவது கூப்பாடும் வந்து போனது. மாமியாருக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனுஷன் இத்தனை தடவை கூப்பிட்டுப் பதில் இல்லாமல் நிற்பதை அவர் இதுவரை பார்த்ததில்லை. "ஏம்மா, அந்த ஆள் தொண்டை கிழியக் கூப்பிடறாரு, காதுல விழலையா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சபை சிரித்தது. அக்கா காலை நீட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியது. பிறகுதான் எல்லோருக்கும் விஷயம் மெல்லப் புரிந்தது. அவள் எழுந்து போனால்தான் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால்தான் நாடகம் முடியும். முடிந்தால்தான் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை. எண்பது பேர் நாற்காலியோடு நாற்காலியாக மாட்டிக்கொண்டார்கள். பிள்ளை பசியோடிருக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு. அடுப்பை அணைத்தோமா என்று யோசித்தவர்கள் உண்டு. விளக்குக்காரர் ஸ்விட்ச் மேல் கையை வைத்துக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அணை என்று சொல்ல அவர் கொள்கை இடம் கொடுக்கவில்லை. கொழுந்தனார், அண்ணிக்கு உடம்புக்கு ஏதோ என்று சொல்லிக்கொண்டே மேடைக்குப் பின்பக்கம் போனார். வேலை தேடுவதில் காட்டாத வேகம் அது.

எட்டு அடித்தது. காவலாளி சாவிக்கொத்தோடு நடுவழியில் நடந்து வந்து மேடைக்கு முன்னால் நின்றார். நான்காவது சுவர் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

"மேடம், எட்டு மணி ஆயிடுச்சு. இது எப்ப முடியும்?"

பத்தொன்பது வருடமாக எந்த நேரத்தைக் கேட்டாலும் சொல்லிப் பழகிய ஆளிடம் அவர் நேரத்தைக் கேட்டுவிட்டார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு" என்றாள். டேப் மாதிரி இல்லை. மனிதக் குரலாகவே இருந்தது. "உக்காருங்க."

காவலாளி கொழுந்தனார் விட்டுப்போன நாற்காலியில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவிக்கொத்து சத்தம் போடாமல் மடியில் பிடித்துக்கொண்டார். கணவர் வாய் திறந்தார், மகள் அவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் போலீஸ்காரரிடம் கூப்பாடு தீர்ந்துபோயிருந்தது.

அந்த ஆறு நிமிடம் அக்கா என்ன செய்தாள் என்பதைப் பற்றிப் பிறகு பலவிதமான பேச்சு நடந்தது. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள் என்றார் ஒருவர். அந்தச் செட்டில் ஜன்னலே இல்லை. ஏதோ பாட்டை முனகினாள் என்றாள் பார்லர். ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் இருந்தாள் என்பதே பெரும்பான்மையோர் வாக்குமூலம். இருமல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொண்டார்கள்.

எட்டு ஆறுக்கு, சாய்ந்து உட்கார்ந்து சரியாக இருபது நிமிடம் ஆனதும், அக்கா தானாக எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. துணியைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து, வெளியே போனாள். விளக்கு அணைந்தது. கைதட்டல் மாடிப்படி வரை கேட்டது.

கதவுக்குப் பின்னால் இருட்டில் போலீஸ்காரர், வாத்தியார், கொழுந்தனார் மூவரும் வரிசையாக நின்றிருந்தார்கள். மூவருக்கும் அவளிடம் ஏதோ கேட்க வேண்டியிருந்தது.

"ஒவ்வொருத்தரா கேளுங்க" என்றாள் விசாரணை அக்கா.